வெட்டுக்கு முந்தின தண்ணீர்

கம்பத்துக்கு வடக்கே, வாய்க்காலை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளியின் பின்புறம் பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு. கவாத்து செய்வது முதல் கொத்து வெட்டுவது வரை பதினோராம் வகுப்பு வேளாண் பிரிவுப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் ஆசிரியை ஜெபஷீலா. எதைச் செய்தாலும் காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் போட்ட சட்டம். பந்தலுக்குப் பொறுப்பு மாணவி சினேகா.

தலைமையாசிரியர் பாண்டியராஜனுக்கு இதில் அரைமனசுதான். ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பிள்ளைகள் கடைபோட்டுப் பழம் விற்கட்டும், சரிப்படாவிட்டால் பந்தலைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வெட்டு என்று முடிவாயிற்று. அதற்குள் ஜெபஷீலாவுக்கு அல்லிநகரத்தில் பயிற்சி வகுப்பு வந்துவிட்டது. தண்ணீரை நிறுத்திவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால், பந்தலின் மேற்குப் பாதியில் பழங்கள் தோல் வெடித்துச் சாறு சொட்டிக்கொண்டிருந்தன. குளவிகள் மொய்த்தன. காலடி மண் சொதசொதவென்றிருந்தது.

புதன்கிழமை சினேகா தண்ணீர் பாய்ச்சியிருக்கிறாள்.

"நெல்லு வயலுன்னு நெனச்சுட்டா டீச்சர். இனி நாத்து நட வேண்டியதுதான்" என்றான் கூடப் படிக்கும் விஜய்பாண்டி.

"ஏலே, மண்வெட்டி எடுத்து மடையைத் தொறந்தது யாரு?" என்று இன்னொரு மாணவி நதியா கேட்கவும் அவன் குளவிகளை வேடிக்கை பார்க்கத் தொடங்கினான்.

பாண்டியராஜன் வந்தார். அண்ணாந்து பார்த்தார். குத்தகைக்காரரை வரச்சொல்வதாகச் சொன்னார். வெட்டு முழுக்க முடியும்வரை பொறுக்கும்படி ஜெபஷீலா கேட்டுக்கொண்டாள். சரி என்று போய்விட்டார்.

திட்டுவதற்கு வார்த்தை ஜெபஷீலாவின் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அதை விழுங்கிவிட்டு, தண்ணீர் வந்தபோது என்ன நினைத்தாய் என்று சினேகாவிடம் கேட்டாள்.

"எங்க வீட்டுல வாய்க்கால்ல எங்க முறைத்தண்ணி வந்துட்டா சோத்துக் கையோட எந்திரிச்சு ஓடுவாக டீச்சர். வந்த தண்ணியை விடக்கூடாதும்பாக. பக்கத்துத் தோட்டத்துக் கோட்டைச்சாமி மாமாவும் திருப்பிக்கங்கன்னு சொன்னாக. நிறுத்தச் சொன்னது தண்ணி இல்லாததாலன்னு நெனச்சேன். காரணத்தையும் சொன்னேன். எல்லாரும் சரின்னுட்டாக."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். பாதிப் பேர் நெல் விவசாயம் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். அந்தக் காரணத்தில் அவர்களுக்குக் குற்றமே தெரிந்திருக்காது.

"நிறுத்துங்கன்னேன். ஏன்னு நான் சொல்லலை. என் சட்டத்தை நானே மீறியிருக்கேன்" என்றாள் ஜெபஷீலா. பழுத்த பழம் தண்ணீரை இழுத்து உப்பிப்போகும், தோல் தாங்காது என்று அப்போதுதான் விளக்கினாள்.

காரணம் சொன்னால் மட்டும் போதாது, யாராவது ஒருத்தர் மறுத்துப் பேசவும் வேண்டும் என்று பேச்சு திரும்பியது. குறை சொல்ல விஜய்பாண்டிக்குத்தான் நன்றாக வருகிறது, அவனையே போடலாம் என்றாள் நதியா. சிரிப்பு எழுந்தது. அவனும் மறுக்கவில்லை.

மிச்சத்தை என்ன செய்வது?

"நீங்களே சொல்லிருங்க டீச்சர். நான் சொன்னா தப்பாத்தான் போகும்" என்றாள் சினேகா.

எல்லாவற்றையும் இன்றே வெட்டிவிடு என்ற பதில் ஜெபஷீலாவிடம் தயாராக இருந்தது. ஆனால் இப்போது அதைச் சொல்லிவிட்டால் இந்தப் பெண் இனி ஒரு கொத்தைக்கூடத் தானாகத் தொடமாட்டாள் என்று தோன்றியது. பந்தல் கால் ஒன்றில் சாய்ந்துகொண்டு பேசாமல் நின்றாள்.

சினேகா கொஞ்ச நேரம் காத்துப்பார்த்தாள். பிறகு பந்தலுக்கடியில் நடந்தாள். கிழக்குப் பக்கம் மேடு. தண்ணீர் அங்கே அவ்வளவாக ஏறவில்லை. பழம் வெடிக்கவில்லை, ஆனால் வாயில் போட்டால் சப்பென்றிருந்தது. மேற்கே வெட்டி, புதுசாக வெடித்ததை மட்டும் ஜூஸ் போடலாம், அழுகினது குப்பைக்குழிக்கு. கிழக்கு இனிப்பு ஏற அடுத்த வாரம்வரை நிற்கட்டும் என்றாள். மழை வந்தால் அதுவும் வெடிக்குமே என்றான் விஜய்பாண்டி. மேகம் கூடினால் அன்றைக்கே வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் குச்சனூரில் பிள்ளைகள் பழத்துக்குப் பதிலாகத் திராட்சை ஜூஸ் கடை போட்டார்கள். வெயிலுக்கு அது மதியத்துக்குள் தீர்ந்துபோனது.

அடுத்த புதன்கிழமை, இப்போதைக்குப் பார்த்துமட்டும் வைக்கட்டும் என்று பாண்டியராஜன் குத்தகைக்காரரோடு பந்தலுக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பாலிருந்து கோட்டைச்சாமி குரல் கொடுத்தார்.

"ஏத்தா, தண்ணி வருது. திருப்பி விடவா?"

மண் காய்கிறது, இதை விட்டால் அடுத்த முறை எப்போதோ என்றான் விஜய்பாண்டி. அது அவன் வேலை. சினேகா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். பிடித்தது உதிரவில்லை.

"ஈரம் இருக்கு மாமா. இப்பப் பாய்ச்சுனா பழம் வெடிச்சுரும். வெட்டு முடிஞ்சதும் வாங்கிக்கிறோம்."

"விவரமாத்தான் இருக்கீக" என்று கோட்டைச்சாமி மடையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார்.

பாண்டியராஜன் ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டார். இன்னொன்றும் கிள்ளினார். பிறகு குத்தகைக்காரரிடம், "ஒரு டீ சாப்ட்டுட்டுக் கெளம்புங்க. இந்த வருசம் இவுகளே பாக்கட்டும்" என்றார்.

ஜெபஷீலாவும் ஒன்றைச் சுவைத்தாள். இன்னும் இரண்டு நாள் நின்றால் நல்லது என்று பட்டது. சொல்லவில்லை. சினேகா ஏற்கெனவே மேற்குமலைப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.