பேரையும் தெருவையும் சொல்லிட்டுப் பேசுங்க

அடையாள அட்டைத் திட்டத்தை எதிர்க்கிற கூட்டத்துக்குப் போகவே கூடாது என்றுதான் ஹேசல் நினைத்திருந்தாள். பெவர்லி விட்டால்தானே! மோர்கம்ப் கடற்கரைப் பக்கம் ஹேசல் வேலை பார்க்கிற சலவைக்கடைக்கு அவள்தான் முதலாளி. அரசாங்கம் எதைக் கொண்டுவந்தாலும் முதல் ஆளாக எதிர்க்கிற பிறவி.

"இங்கிலாந்துல இருக்கற ஒவ்வொருத்தன் பேரு, வீடு, கைரேகை, எல்லாத்தையும் ஒரே கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறானாம். நாம என்ன ஆட்டு மந்தையா, காதுல நம்பர் குத்த? கெளம்புடி!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பெவர்லிக்கு அது கொள்கை. ஹேசலுக்கு உயிர். அவள் புருஷன் கிளைவ் தெற்கே ஓர் அரசு அலுவலகத்தில் அப்படியொரு கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். கடைசியாக அவள் கழுத்தை நெரித்த அன்று, கோபம்கூட இல்லாமல், கடைக்குப் போய்வருகிறேன் என்கிற மாதிரி சொன்னான்: "எங்க வேணா ஓடு. ஒரு பட்டனத் தட்டினா நீ இருக்கற தெரு என் முன்னால வந்து நிக்கும்."

ஓடினாள். பேரை மாற்றினாள், முடியை வெட்டினாள். தனக்கென்று யாரும் இல்லை என்று பெவர்லியிடம் சொல்லிவைத்தாள். பாவி மகள், ஒருத்தரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயந்து கிடக்கிறவளுக்கு அந்தப் புத்தி எங்கே வரும்?

தேவாலயக் கூடம் நிரம்பி வழிந்தது. ஈரக் கோட்டு நாற்றம், ஆறிப்போன டீ, வெளியே ஜன்னலை உலுக்குகிற கடல் காற்று. பின்வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் ஹேசல் கேமராவைப் பார்த்தாள். லண்டனிலிருந்து டிவிக்காரர்கள். அவள் பாதி எழுந்துவிட்டாள்.

"நான் போறேன், பெவ்."

"ஒக்காருடி. பிஸ்கட்டு தருவாங்க."

மேடையில் தலைமை வகித்தவர் ஹாலிவெல், ஓய்வுபெற்ற வாத்தியார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேசறவங்க மொதல்ல உங்க பேரையும் தெருவையும் சொல்லிட்டுப் பேசுங்க" என்றார்.

"அதக் குடுக்க மாட்டோம்னு சொல்லத்தானய்யா வந்திருக்கோம்!" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. ஹாலிவெல் சிரிக்கவில்லை. எந்தக் கூட்டமானாலும் அவருக்கு அதுதான் முறை. சிரித்தவர்களும் பிறகு ஒவ்வொருவராக எழுந்து, நல்ல பிள்ளைகளாகப் பேரையும் தெருவையும் ஒப்பித்துவிட்டுத்தான் அட்டையைத் திட்டினார்கள். பெவர்லி ஒரு படி மேலே போனாள். "பெவர்லி ஆஷ்டன், குயின் தெரு சலவைக்கடை" என்று கேமராவைப் பார்த்து விளம்பரம் மாதிரி சொன்னாள்.

அதற்கப்புறம் எழுந்தவர் கவுன்சிலர் டக்வொர்த். அட்டை வேண்டும் என்கிற கட்சி. "ஒழுங்கா இருக்கறவனுக்கு என்னங்க பயம்? ஒளிக்கறதுக்கு ஏதோ இருக்கறவன்தான் இப்படிக் குதிப்பான்" என்று சாவகாசமாகச் சிரித்தார்.

ஹேசலுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. தன்னைப் பார்த்துத்தான் அவர் சிரிக்கிறார் என்று தோன்றியது. ஒளிந்துகொள்வது குற்றமா? கழுத்தை நெரித்தவன் காலர் இஸ்திரி போட்டு ஆபீஸ் போகிறான், நெரிபட்டவள் திருட்டுப் பூனையா? யோசிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். மைக் கைக்கு வந்தது.

"பேரும் தெருவும்" என்றார் ஹாலிவெல்.

வாத்தியார் குரல். நாக்கு தன் பாட்டுக்கு, சின்ன வயதிலிருந்து பழகின தடத்தில் போய்விட்டது.

"லொரெய்ன் பெட்லி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கூடம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவின் சிவப்பு விளக்கும் பார்த்துக்கொண்டிருந்தது.

பெவர்லி பக்கத்திலிருந்து பலமாகச் சிரித்தாள். "ஏய் ஹேசல்! யார் பேரடி சொல்ற? பயத்துல சொந்தப் பேரே மறந்துபோச்சா?"

பழைய பேரும் புதுப் பேரும் ஒரே மூச்சில். ஹேசல் மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். வீட்டுக்கு வந்து, கதவுக்கு முட்டாக மேஜையை நகர்த்தினாள். அதையெல்லாம் டிவியில் போடுவானா, ஓர் உளறலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விடிந்ததும், ஓடுவதானால் சம்பளத்தையாவது வாங்கிக்கொண்டு ஓடலாம் என்று எப்போதும்போல எட்டு மணிக்குக் கடையைத் திறந்து விளக்கைப் போட்டாள். போன் அடித்தது.

"அடியே கள்ளி!" பெவர்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ராத்திரி செய்தியில நம்மளப் போட்டான், பாத்தியா? உன் உளறலத்தான் ரெண்டு தடவ காட்டினான். யாருமே இல்லைன்னியே, அண்ணன் இருக்காரே உனக்கு! செய்தி முடிஞ்ச கையோட கடை நம்பருக்குப் போன் பண்ணினாரு, ராத்திரியில அது எங்க வீட்டுலதான அடிக்கும்! என்ன தன்மையான பேச்சுடி! தங்கச்சியத் தேடாத எடமில்லைன்னு குரலே ஒடஞ்சுபோச்சு."

ஹேசலுக்கு அண்ணனே கிடையாது. "என்ன சொன்ன அவன்கிட்ட?"

"உன் விலாசம் கேட்டாரு. குடுப்பேனா? அடுத்தவங்க விலாசத்த அவங்களக் கேக்காம நாங்க தர்றதில்லைன்னு முகத்துல அடிச்ச மாதிரிச் சொல்லிட்டேன். நேத்து அவ்வளவு பேசிட்டு, கொள்கைய விடுவனா?"

ஹேசல் சுவரில் சாய்ந்தாள். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"காலையில எட்டு மணிக்கு அவதான் தனியா வந்து கடையத் தொறப்பா, நேர்லயே பாத்துக்கங்கன்னு மட்டும் சொன்னேன்."

கதவில் தொங்கும் 'திறந்திருக்கிறது' பலகையை அவளேதான் சற்றுமுன் திருப்பி மாட்டியிருந்தாள். வெளியே ஒரு கார் வந்து நின்று விளக்கை அணைத்தது.