முப்பத்தொரு கூறு மீன்

1971 டிசம்பரில் எதிரி நாட்டுப் படை நண்டுத்துறைக் குப்பத்தைப் பிடித்த அன்றே, கடல் ஒரு மைல் பின்வாங்கிப் போய் நின்றுகொண்டது. மாமல்லபுரத்தில் எப்போதும்போல் அலை அடித்தது. வடக்கே இந்த நாற்பது வீட்டுக் குப்பத்துக்கு முன்னால் மட்டும் வெறும் சேறு. வந்தவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களுடைய கப்பல் அந்தச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. குப்பத்திலிருந்து தப்பி ஓடித் திருப்போரூரில் சேதி சொன்னவனை டீக்கடையில் உட்காரவைத்து இன்னொரு டீ கொடுத்தார்களே தவிர, யாரும் நம்பவில்லை.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். தண்ணீர் எடுக்கப் படையிடம் சீட்டு, விறகு பொறுக்கச் சீட்டு என்று ஆனது. குப்பம்மா தன் கோழிக்கும் ஒரு சீட்டு கேட்டு வாங்கினாள். மறுநாள் சீட்டோடு சேர்த்துக் கோழியைப் பிடித்துப் போனார்கள். ஒன்பதாம் நாள் அரிசியும் தீர்ந்தது. மீன் பிடிக்கவோ கடல் இல்லை. ஆண்டவர்களும் ஆளப்பட்டவர்களும் ஒரே பசியில் சுருண்டு கிடந்தார்கள்.

குப்பத்தார்தான் கடலை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று படைத்தலைவன் முடிவு செய்தான். வலைக்காரன் மாயவனைப் பூவரச மரத்தில் கட்டிவைத்து, வானொலிச் செய்தி கேட்டுக் கற்ற தமிழில் அறிவித்தான். "நாளை மாலைக்குள் கடல் திரும்ப வேண்டும். திரும்பினால் இவர் விடுவிக்கப்படுவார். தவறினால் சுட்டுக் கொல்லப்படுவார்."

மாயவனின் மனைவி அம்சா அன்று அழுத அழுகை கொஞ்சமல்ல. மறுநாள் காலை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வராத கடல இன்னா பண்றது? வல போட்டு இழுக்க வேண்டிதுதான்" என்றாள். கரைவலையை ஒரு மைல் சுமந்து போய் நீரில் போட்டு, கயிற்றின் இரு முனைகளையும் குப்பத்துக்குக் கொண்டுவந்து ஊரே இழுத்தது. கயிறு அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சிப்பாய்களில் ஒருவன் பசி தாங்காமல் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். பிறகு இன்னொருவன். கடைசியில் படைத்தலைவனும் பிடித்தான். கடல் முரட்டு எருமை மாதிரி முரண்டு பிடித்து, உச்சிப்பொழுதில் கரைக்கு வந்து சேர்ந்தது. கப்பல் நிமிர்ந்தது. வலை கொள்ளாத மீன்.

அம்சா மணலில் கூறு பிரித்தாள். பழக்க தோஷத்தில் அந்த முப்பத்தொரு பேருக்கும் சேர்த்தே வைத்துவிட்டாள்.

"அடி பேஜாரு புடிச்சவளே, உன் புருசன கட்டி வெச்சிகீறான், அவனுக்குக் கூறா?" என்று குப்பம்மா கத்தினாள்.

"கயிறு புடிச்சாங்க இல்ல, அக்கா. புடிச்ச கைக்குக் கூறு உண்டு."

ஒரே வலையில் கூறு வாங்கியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கை ஓங்கக் கூடாது என்பது அந்தக் குப்பத்தின் ஊர்க்கட்டு. அது தெரியாமல் முப்பத்தொரு பேரும் வயிறு முட்டத் தின்றார்கள்.

தின்று முடித்த படைத்தலைவன் பேச்சு மாறினான். கடலையே இழுக்கும் ஊர் போருக்கு ஆபத்து என்று சொல்லி, மாயவனைச் சுட உத்தரவிட்டான். முப்பது துப்பாக்கிகளில் ஒன்றும் மேலே எழவில்லை. அதே கைகள் தலை வாரின, மூக்கைச் சொறிந்தன. துப்பாக்கியை மட்டும் தூக்க முடியவில்லை. அவன் தன் கைத்துப்பாக்கியை இழுத்துப் பார்த்தான். அது உறையைவிட்டு வரவே இல்லை.

"நைனா, கூறு துன்னுட்ட. இனிமே உன் கை எங்க மேல எழும்பாது. கட்ட அவுத்து வுடு" என்றாள் அம்சா.

அவனே வந்து அவிழ்த்தான். குப்பம் போட்ட கூச்சல் மாமல்லபுரம் வரைக்கும் கேட்டது.

மாயவன் கேட்ட முதல் கேள்வி, "எனுக்குக் கூறு வெச்சியா?"

"நீ எங்க கயிறு புடிச்ச?" என்று சொல்லிச் சிரித்தவள், அப்படியே அழுதாள். தன் கூறில் பாதியை அவனுக்குக் கொடுத்தாள்.

அன்று மாலையே கப்பல் போய்விட்டது. தூக்க முடியாத துப்பாக்கிகளை இங்கேயே விட்டுப் போனார்கள். அவற்றின்மேல் வலை காய்கிறது. ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் கடல் ஒரு மைல் பின்னால் போகிறது, குப்பம் இழுத்து வருகிறது. கூறு பிரிக்கையில் அம்சா நீரோரம் முப்பத்தொரு கூறு தனியாக வைப்பாள். ஓர் அலை வந்து அவற்றை மட்டும் எடுத்துப் போகும். கயிற்றில் முதல் ஆளாக மாயவன் நிற்பான். அவனுக்கு அதன் பிறகு ஒரு வருஷமும் கூறு தப்பியதில்லை.