முக்தாவின் கைநாட்டு

மகாராஷ்டிரத்தில் பீட் பக்கத்து ஜனங்கள் தசரா முடிந்ததும் கரும்பு வெட்டக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வெட்டுக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஸ்ரீபத் ஜீப்பில் பெண்களை ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் மாதத்தில் மூன்று நாள் வயிற்றுவலி என்று எவளும் உட்காரமாட்டாள் பாருங்கள், அதற்குத்தான். வயலில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு கத்தி என்று பேர். ஒருத்தி படுத்தால் அந்தக் கத்தியே படுத்துவிடும்.

இந்த வருஷம் இருபத்தைந்து வயது முக்தாவின் முறை. புருஷன் ஞானோபா காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான். இனி என்ன செய்ய முடியும் என்று அவள் வரிசையின் முன்னால் நின்றாள்.

நர்ஸ் மைப்பெட்டியை நீட்டினாள். "கட்ட வெரலக் குடு."

"அவருதான் போட்டுட்டாரே, என்னோடது எதுக்கு?"

காலையிலிருந்து நர்ஸின் பல்லில் பச்சைத்தண்ணீர்கூடப் படவில்லை. எரிச்சலில் உண்மையைச் சொல்லிவிட்டாள். "அவரு போட்டது சாட்சிக்கு. வயிறு உன்னோடதும்மா. நீ வைக்காம டாக்டர் கிட்டயே வரமாட்டாரு."

"வைக்கலன்னா?"

"வைக்கலன்னா வீட்டுக்குப் போ! பின்னால எத்தன பேரு நிக்கறாங்க."

அடடா! கல்யாணத்துக்குக்கூட யாரும் முக்தாவைக் கேட்டதில்லை. திரும்பினாள்.

"அடியேய், எல்லாரும் கேட்டுக்குங்க! நம்ம கைநாட்டு இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதாம்! நான் வைக்கமாட்டேன்!"

ஸ்ரீபத் ஓடிவந்தான். "ரெண்டு பெத்தாச்சுல்ல? இனி அந்தப் பை உனக்கு எதுக்குடி?"

"உங்க மீச என்ன கரும்பா வெட்டுது மேஸ்திரி? அத மட்டும் எதுக்கு வளக்கறீங்க?"

வரிசையே கொல்லென்று சிரித்தது. நர்ஸும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்கடி. ஆபரேஷன் பண்ணாதவளுக்கு என் கூட்டத்துல எடம் கெடயாது. என்னத்தத் திங்கறேன்னு பாக்கறேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. கரும்பு இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் முக்தா கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

முக்தாவுக்குத் துணைக்கு வந்திருந்த காசாபாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஸ்ரீபத்தின் கூட்டத்தில் அவளைப்போல் வெட்ட ஆள் கிடையாது.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னால இதே மேசையில நானும் வெரல வச்சேன் மேஸ்திரி. மாத்திர வாங்கினதுக்குன்னு நெனச்சேன்."

காசாபாய் முக்தாவின் தோளில் கை வைத்தாள்.

"இவளுக்கு எடமில்லன்னா என் கத்தியும் வராது. போய் ஆள் தேடிக்க."

வரிசையிலிருந்த ஐந்து பேரும் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து காசாபாய் பக்கம் நின்றார்கள். முக்தாவோடு ஏழு கத்தி போனால், ஆள் தருவதாகச் சொன்ன சர்க்கரை ஆலையில் தன் மானம் கப்பலேறும் என்று ஸ்ரீபத்துக்குத் தெரியும். "சரி சரி, ஆபரேஷன் இல்லாமயே வெட்டுக்கு வந்து தொலைங்க எல்லாரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பைப் பார்த்து நடந்தான். முக்தாவுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது, ஓடினாள்.

வாசலில் ஞானோபா எதிரே வந்தான். "என்னடி இது? யாரக் கேட்டு வெளிய வந்த?"

"என்னைக் கேட்டுத்தான்" என்றாள் முக்தா.