நானூறு கிலோ என்று ஒரு சீட்டு

அந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பொருளுக்கும் இரண்டு எடை உண்டு. ஒன்று அதன் நிஜமான எடை. மற்றது, மலைமேல் ஏற்றிப்போகிறவனிடம் சொல்லும் எடை. கோவேறு கழுதைகள் ஓடிய காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. நூறு கிலோவுக்கு மேல் ஒரு குண்டூசி கூட ஏற்றமாட்டேன் என்று கழுதைக்காரன் அடம்பிடிப்பான். ஊரும் நூறுக்கு மேல் வாயைத் திறக்காது. கழுதைக்கு உண்மை தெரியும், ஆனால் அது யாரிடம் போய்ச் சொல்லும்?

லுடிவின் இந்தப் பழக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பனியாற்றுக்குப் பக்கத்தில், மூவாயிரம் மீட்டருக்குச் சற்றுக் கீழே, மலையேறிகள் தங்கும் கல்குடிலை அவளும் கணவன் எத்தியெனும் நடத்திவந்தார்கள். போன மார்ச்சில் எத்தியென் சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். பழைய நாளாக இருந்தால் பனிச்சறுக்குக் கட்டையில் கட்டி இழுத்துக் கீழே சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்திருக்கும், அவனும் சாய்ந்திருக்கலாம். ஊர்க்கார விமானி ரெமி ஒரு பழைய ஹெலிகாப்டரில் வந்து பதினோரு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினான். அன்றிலிருந்து ரெமி அவளுக்குக் கூடப்பிறக்காத தம்பி.

அந்த ரெமிக்கு இந்த வருஷம் சுக்கிர தசை. எல்லைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் புதிதாக ஒரு சின்ன ஹெலிகாப்டர் செய்திருந்தார்கள். தபால், சிமெண்டு, நோயாளி, கன்றுக்குட்டி, எதைக் கொடுத்தாலும் சுமக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. உயரத்தில் அதை ஓட்டிப் பார்க்க மலைக்காற்று தெரிந்த ஒருவன் தேவைப்பட்டான். ரெமியைப் பிடித்துப்போட்டார்கள். செப்டம்பர் பிறந்ததும் மாட்டு மேய்ச்சல் வெளிக்கு, பாலாடைக்கட்டிக் கொட்டகைக்கு எதிரிலேயே, அந்த இயந்திரம் வந்து இறங்கியது. கூடவே அதை வரைந்த இஞ்சினியர் கிரேப்னரும் வந்தார். ஆறு வருஷமாக அதையே நினைத்து நினைத்து அவருக்கு முடி கொட்டியிருந்தது.

சோதனைக்குச் சுமை வேண்டுமே! மணல் மூட்டை எதற்கு, குடிலுக்குப் போகிற சாமானையே கட்டித் தூக்குவோம், கூலி வேண்டாம், எடை மட்டும் சரியாக இருக்கட்டும் என்றார் கிரேப்னர். கொட்டகையில் கட்டிகளை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. அரசு முத்திரை குத்தியது. அதைப் பார்த்துக்கொண்டவன் லுடிவினின் கொழுந்தன் காந்தித். இந்த ஊரில் ‘கூலி வேண்டாம்’ என்று சொல்வது, காக்கைக் கூட்டத்துக்கு நடுவே வடையை வைத்துவிட்டுத் திரும்பி நிற்பது மாதிரி. பாவம், கிரேப்னருக்கு அது தெரியாது.

கடைசி நாள் சோதனையைப் பார்க்கத் தொழிற்சாலை முதலாளியே வந்திருந்தார். உருளைக்கிழங்கு, மாவு, விறகு, கம்பளி எல்லாம் தராசில் ஏறின. சரியாக நானூறு. காந்தித் சீட்டு எழுதிக் கொடுத்தான். கிரேப்னர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முதலாளியோடு காப்பி குடிக்கப் போனார்.

"அண்ணி, அந்த அடுப்பு?" என்றான் காந்தித், வானத்தைப் பார்த்துக்கொண்டே.

"எந்த அடுப்பு?"

"பின்னாடி சாக்குல சுத்தி வச்சிருக்கீங்களே, அந்த அடுப்பு."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது உனக்கு. பேசாம ஒரு கை பிடி."

வார்ப்பிரும்பு அடுப்பு, நாலு துண்டாகக் கழற்றியது. சுமை கட்டும் வலைக்குள், மாவு மூட்டைகளுக்கு அடியில் செருகி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். வலையை யாரும் கிட்ட வந்து பார்த்துவிடக் கூடாதே! கயிறு பிடிக்கும் வேலையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"தூக்கினதும் கயித்தை விட்டுட்டு இருபது அடி தள்ளிப் போயிடணும். புரியுதா?" என்றார் கிரேப்னர்.

"கழுதை மேய்ச்ச குடும்பம் நாங்க. எட்டி நிக்கத் தெரியாதா?" என்றாள்.

விசிறி சுழன்றது. புல் படுத்தது. கொக்கியில் வலை மாட்டியிருந்தது. இயந்திரம் முக்கி முனகி எழும்பியது. வலையும் தரையைவிட்டு இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி, அதற்கு மேல் நகர மறுத்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடுங்கியது. வலைக்கண் வழியாக அடுப்பின் கால் ஒன்று எட்டிப் பார்த்தது. முதலாளி நின்ற பக்கம்! நல்லவேளை, விசிறிக் காற்றில் புழுதி கிளம்பி எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். லுடிவின் ஓடிப்போய் அடியில் நின்று, தொங்கிய தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்து இழுத்து மூடினாள். தலைக்கு மேல் இரைச்சலின் சுருதி மாறியது. இயந்திரம் குடிகாரன் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அவள் முடிச்சுப் போட்டுவிட்டு விலகி ஓடியபிறகுதான் வலை தொப்பென்று விழுந்தது. இயந்திரமும் பக்கத்திலேயே ஒரு குதி குதித்து உட்கார்ந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பாலாடைக்கட்டியை நெருப்பில் காட்டி உருக்கி, தட்டுத் தட்டாக வழித்துப் போடுவது லுடிவின் வேலை. வழித்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

"நானூறு கிலோ. அதுவே தூக்கலே," என்றார் முதலாளி. "ரெண்டுல ஒண்ணு. மெஷின் மோசம், இல்ல ஓட்டறவன் மோசம். கிரேப்னர், நீங்களே சொல்லுங்க."

கிரேப்னர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்குப்படி நானூத்தி இருபது தூக்கணும்."

"அப்போ ஓட்டறவன்தான்." முதலாளி ரெமி பக்கம் திரும்பினார். "தூக்க முடியலேன்னா கொக்கியைக் கழட்டி விடச் சொல்லித்தானே பொத்தான் வச்சிருக்கு? விடாம எதுக்கு அவ்வளவு நேரம் மல்லுக்கட்டினே? மெஷினைக் கவுக்கப் பார்த்தியா?"

ரெமி உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே இருந்தான். "கை தயங்கிடுச்சு," என்றான்.

"தயங்குற கை எனக்கு வேண்டாம். நாளைக்கு நீ வீட்டுக்குப் போகலாம்."

லுடிவின் கையிலிருந்த கத்தியில் கட்டி வழிந்து சொட்டியது. சொன்னால் மானம் போகும். இனி அவள் குடிலுக்கு ஒருவரும் ஒரு தீப்பெட்டி கூடத் தூக்கி வரமாட்டார்கள். சொல்லாவிட்டால்? எத்தியெனைக் காப்பாற்றியவன் தலையில் அவள் அடுப்பு விழுந்துகிடக்கிறது.

"அவன் மேலயும் தப்பில்ல, மெஷின் மேலயும் தப்பில்ல," என்றாள். குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "என் மேல. சீட்டு வாங்கினதுக்கு அப்புறம் நான் ஒரு அடுப்பை உள்ள வச்சேன். இரும்பு அடுப்பு."

கிரேப்னர் மெல்ல எழுந்தார். "எத்தனை கிலோ?"

"முப்பது இருக்கும்," என்றாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு, "நாப்பத்தெட்டு," என்றாள்.

வலையைப் பிரித்துத் தராசில் ஏற்றினார்கள். நானூற்று எண்பத்தேழு! லுடிவின் விரல் விட்டு எண்ணினாள். இடித்தது.

"சத்தியமா நாப்பத்தெட்டுதான்!" என்றாள்.

காந்தித் தொண்டையைச் செருமினான். "அது வந்து... வேட்டைக்காரங்களுக்குன்னு ஒரு சின்ன ஒயின் பீப்பாய். இருபத்தஞ்சு. அண்ணி அந்தப் பக்கம் முடிச்சுப் போடறப்போ..."

"அட திருட்டுப்பயலே! என்னை மிரட்டிட்டு நீயும் வச்சியா?"

"இன்னும் பதினாலு இடிக்குது," என்றார் கிரேப்னர்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் இரண்டாவது தட்டை முடித்துக்கொண்டிருந்த பாதிரியார் காது வரை சிவந்துபோனார். "மேலே உள்ள சிற்றாலயத்துக்கு ஒரு மணி," என்றார். "தேவனுடைய காரியம்னு..."

முதலாளி வெடித்துச் சிரித்தார். கிரேப்னர் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தொடைமேல் தாளை வைத்துக் கணக்குப் போட்டார், அடித்தார், மறுபடி போட்டார். "எண்பத்தேழு அதிகம். அதையும் ரெண்டு ஆள் உயரம் தூக்கிச்சு," என்றார். "நான் வரைஞ்சதைவிட நல்லா வந்திருக்குங்க." அவர் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷக் கவலை அது.

அடுப்பும் பீப்பாயும் மணியும் புல்லில் கிடக்க, அசல் நானூறோடு இயந்திரம் மறுபடி எழும்பியது. கொசு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு நேரே குடிலுக்குப் போய் இறக்கிவிட்டு வந்தது. ரெமியை வீட்டுக்கு அனுப்பும் பேச்சை முதலாளி எடுக்கவே இல்லை. இனி சீட்டு எழுதியதும் வலைக்குப் பக்கத்தில் காவலுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும், அதுவும் வெளியூர் ஆளாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் ரெமி இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். லுடிவின் போய் நின்றாள்.

"மன்னிச்சுடு தம்பி. ஓசின்னதும் புத்தி போயிடுச்சு."

"விடுங்கக்கா. நம்ம ஊரு எனக்குத் தெரியாதா?"

"ஆனா ஒண்ணு கேட்கிறேன். நீ எத்தனை சுமை தூக்கினவன். உன் கை தயங்குமா? அந்தப் பொத்தானை ஏன் அமுக்கலே?"

ரெமி துணியை உதறினான். இயந்திரத்தின் மூக்குக்குக் கீழே, சுமையைப் பார்க்க வைத்திருந்த சின்னக் கண்ணாடியைக் காட்டினான். "அமுக்கத்தான் போனேன். இதுல பார்த்தேன். வலைக்கு நேர் அடியில ஒரு சிவப்புத் தலைக்குட்டை."

லுடிவினின் கை தானாகத் தலைக்குப் போனது. புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதை அந்த ஆள்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா. உன் வேலையே போயிருக்குமே."

"சொன்னா உங்களை இனி இந்தப் பக்கமே விடமாட்டாங்க. அத்தானுக்குக் கால் இன்னும் சரியாகல. குடிலை யார் பார்ப்பா?"

அவள் அழுதாள், மறைக்கவில்லை. ரெமி என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் குந்தினான். முழங்கால்மேல் கிடந்த அவன் வலது கையில், பொத்தானை அமுக்காமல் நிறுத்திய கட்டைவிரல் இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள். அதை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை.