ஈர்ப்புக்கு முந்தைய அத்தியாயங்கள்

அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்த மறுநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"சும்மா படுத்திருக்க முடியலடீ. பொதுச் சார்பியல் படிக்கணும், அந்த ஈர்ப்புக் கொள்கை. முதல் தடவை படிக்கிறவங்களுக்கு ஏத்த மாதிரி நல்ல புத்தகமா எடுத்துட்டு வா."

நான் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் துறை நூலகத்தில் அப்படி இரண்டு புத்தகங்கள் இருந்தன. மெல்லியது ஈர்ப்பின் சமன்பாட்டை நிரூபிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டு, சூரியனுக்கு அருகே ஒளி வளைவது, கருந்துளை என்று நேரே போய்விடும். தடித்தது வளைந்த பரப்புகளின் கணிதத்தை முழுதாகக் கட்டி முடித்த பிறகுதான் ஈர்ப்பு என்ற சொல்லையே எடுக்கும். எங்கள் வகுப்பில் மெல்லியதைப் படிப்பவனைக் கிண்டல் செய்வார்கள்.

மெல்லியதைத்தான் எடுத்து வந்தேன். அத்தான் வாசலிலேயே பிடுங்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? ஏய் ஊமைக்கோட்டான், உங்கக்கா என்ன முட்டாளா? இவ்வளவு ஒல்லியா கையில கொடுத்தா ஏன்னு யோசிப்பா. தடியா ஒண்ணு கொண்டு வா. வருஷக்கணக்கா படிக்கிற மாதிரி."

அக்காவுக்கு மிச்சமிருப்பதை டாக்டர் அவரிடம் வாரக்கணக்கில்தான் சொல்லியிருந்தார். அவளுக்கு அது தெரியக்கூடாது என்பது அத்தானின் கட்டளை. மாற்றி எடுத்து வந்தேன்.

அக்கா தலையணையில் சாய்ந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். பயிற்சிக் கணக்கு ஒன்றைக்கூட விடமாட்டாள். நிரூபிக்காத எதையும் ஏற்கமாட்டாள். பள்ளியில் அவளுக்குப் 'போலீஸ்' என்று பெயர். மாத்திரை மயக்கத்தில் பென்சில் நழுவும். மறுபடி எடுப்பாள். ஒரே கணக்கை அழித்து அழித்துப் போட்டதில் தாள் கிழிந்தது. மூன்றாம் அத்தியாயமே முடியவில்லை. ஈர்ப்பு எட்டாவதில்.

ஒரு மதியம் பென்சில் மறுபடி நழுவிக் கீழே உருண்டதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இதை விட்டுடுக்கா. நேரா ஒளி வளையற இடத்துக்குப் போயிடலாம்."

அவள் நிமிர்ந்தாள்.

"சின்ன வயசுல கணக்குல ஒரு வரியைத் தாண்டினதுக்கு என்கிட்ட குட்டு வாங்கினவ நீ. நீயா சொல்றே, விட்டுடுன்னு?"

நான் பென்சிலை எடுக்கக் குனிந்தேன்.

"எனக்கு இன்னும் எவ்வளவு நாளாம்?"

சொன்னேன். அவள் அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சமையலறையில் அத்தான் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"அவர்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாதே. பாவம், நடிக்கட்டும். அதுவும் சரியா வரல மனுஷனுக்கு," என்று சிரிக்கப் பார்த்தாள். அது இருமலில் போய் முடிந்தது. "வேற புத்தகமே இல்லையா?"

"இருக்கு. ஆனா அதுல நிரூபணம் இருக்காதுக்கா."

"எடுத்துட்டு வா."

மறுநாள் அத்தான் கடைக்குப் போனதும் மெல்லியதை அவள் மடியில் விரித்தேன். அவளுக்கு எழுத்து மங்கியதால் நான்தான் வாசித்தேன். சீக்கிரமே அந்தச் சமன்பாடு வந்துவிட்டது. அக்காவின் கை தானாகப் பென்சிலைத் தேடியது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"சொல்லலக்கா. எடுத்துக்கச் சொல்றாங்க."

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி, எடுத்துக்கிட்டேன். அடுத்த வரி."