கம்பி போட்ட குலவை

அபிராமத்தைச் சுற்றி வாழும் ஆண்கள், பெண்கள், ஆடுமாடுகள் அனைவரின் மேலான கவனத்திற்கு: விண்வெளிக்கு நிகரான லேசர் விஞ்ஞானம் நம் ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அது வந்து இறங்கிய இடம், விழாக் கமிட்டித் தலைவர் மலையாண்டியின் மனைவி முருகலட்சுமியின் ஈறு.

டீக்கடையில் மலையாண்டி வெளியிட்ட அறிவிப்பின் சாரம் இது. நடந்தது இதைவிடச் சின்ன விஷயம். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

முளைப்பாரிக்கு முருகலட்சுமி முதல் குலவை போட்டால்தான் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நாக்கு புரளும். ஈறு நோயில் முன்பற்கள் விசிறியாய் விரிந்து ஆடத் தொடங்கியதும், போன வருடம் அவர் வாசலைத் தாண்டவில்லை. மலையாண்டி அசரவில்லை. செல்போனில் பதிந்திருந்த அவருடைய பழைய குலவையை ஒலிபெருக்கியில் போட்டார். நடுவில் அந்த போனுக்கு யாரோ கூப்பிட, அம்மனும் ரிங்டோன் கேட்டாள்.

ராமநாதபுரத்துப் பல் டாக்டர் மெஹருன்னிசா எடுத்த எடுப்பில் கம்பி மாட்டிவிடவில்லை. ஈறுக்கடியில் சுத்தம் செய்து, ரத்தம் நிற்கும்வரை மாதக்கணக்கில் காக்க வைத்தார். கம்பி போட்ட பிறகும் மெதுவாகத்தான் இழுத்தார். இறுக்கிய நாட்களில் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு ஈறில் சிவப்பு வெளிச்சம் காட்டினார். மலையாண்டியும் ஒரு கண்ணாடி கேட்டு வாங்கி செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

“பல்லை நகத்துற லேசர் இதுதானா டாக்டரம்மா?”

“நகத்துறது கம்பிண்ணே. இது வலிக்கும் வீக்கத்துக்கும் ஒரு ஒத்தாசை, அம்புட்டுத்தான். அக்கா ஒழுங்கா பல்லு விளக்குறாங்கள்ல, அதுதான் வைத்தியம். நீங்களும் ஒருநா வாயைக் காட்டுங்களேன்.”

“நம்ம பல்லு பாறைல்ல!”

நாற்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கம்பியோடு, மிளகாய்க் காட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்வந்த முருகலட்சுமியை ஊர் சும்மா விடுமா?

“என்ன மதினி, வாய்க்கு வேலி போட்டாச்சா?” என்றாள் மலையாண்டியின் தங்கை ஈஸ்வரி.

“உங்க அண்ணனுக்குத்தான் போடச் சொன்னேன். ஆள் மாறிப்போச்சு.”

திருவிழா நெருங்கியபோது முருகலட்சுமி டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “குலவை போட்டா பல்லு விழுந்துருமா?”

உதட்டைக் கீறாமலிருக்க டாக்டர் மெழுகை உருட்டிக் கம்பியின் மேல் ஒட்டினார். “இங்கனயே போடுங்கக்கா, பாப்போம்.”

வாயை மூடியிருந்த கை கொஞ்ச நேரம் கழித்தே இறங்கியது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. வெளியே காத்திருந்த ஒருவர், “உள்ள யாருக்குலே கல்யாணம்?” என்றார். டாக்டர் ஒவ்வொரு பல்லாக விரல் வைத்துப் பார்த்தார். “ஒண்ணும் ஆகல. தைரியமாப் போடுங்க.”

திருவிழாவன்று மலையாண்டி மைக்கைப் பிடித்தார். “லேசர் என்பது யாதெனில்…” முளைப்பாரியைத் தலையில் சுமந்த பெண்களுக்குக் கழுத்து கடுத்தது. லேசர் முடிகிற வழியாக இல்லை. முருகலட்சுமி வாயை மறைத்திருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். வெயிலில் கம்பி பளிச்சென்றது. எழுந்த குலவையை ஊரே எடுத்துக்கொண்டது. ஒலிபெருக்கியின் சத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மலையாண்டி மைக்கை இறக்கிவிட்டு, பெருமை பொங்கச் சிரித்தபடி கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

கைக்குட்டையில் ரத்தம் இருந்தது.