டுவேனின் பின்பிரேக்கும் நான்காவது பாட்டிலும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் பிரேக் ஆயிலில். சரியாகச் சொன்னால் மூன்றாவது பாட்டிலில். ஒரு காருக்கு ஒரு பாட்டில் போதும். இரண்டாவது வாங்குபவர் கொஞ்சம் கொட்டிவிட்டார் என்று அர்த்தம். ஒரே வாரத்தில் மூன்றாவது வாங்குபவரிடம் ஏதோ கதை இருக்கிறது.

நான் ஒஹையோவில் ஒரு கார் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறேன். கல்லாவுக்குக் கீழே எப்போதும் ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பு நாவல் கிடக்கும். அந்த நாவல்களில் மனிதர்கள் ரயிலில் போகும்போது தங்கள் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறார்கள். எங்கள் ஊரில் ரயில் நிற்பதில்லை. இங்கே காரேஜில் யோசிக்கிறார்கள், பெரும்பாலும் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு.

முதலில் எழுதிய தொடக்கம்: "சோயா வயல்களின் நடுவே ஒரு நீல நிறக் கார் தன் பின்சக்கரங்களை இழந்து சோகமாக..."

(விட்டுவிட்டேன். கார் சோகப்படாது.)

இரண்டாவது தொடக்கம்: "டுவேன் கோவால்கே தன் மனைவியை நேசித்தார், ஆனால்..."

(இந்த 'ஆனால்' எங்கே போகும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அதனால்தான் நிறுத்தினேன்.)

2

எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் முதலில் சொல்கிறேன்.

டுவேனுக்கு அறுபத்து மூன்று வயது. அவருடைய கார் எழுபதாம் வருடத்து மாடல். சிறிய உடம்புக்குள் லாரிக்குப் போதுமான எஞ்சினை அமுக்கி வைத்திருக்கும் ரகம். கிளம்புவதில் புலி. நிற்பதுதான் சிரமம். பின்சக்கரங்களில் பழைய டிரம் பிரேக். எட்டு வருடங்களுக்கு முன் மழையில் ஒரு மான் குறுக்கே வந்தது. டுவேன் மிதித்த மிதியில் பின்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. கார் பம்பரம் போலச் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி வயலில் நின்றது. யாருக்கும் அடியில்லை, மானுக்கும்கூட. பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி லினெட் இறங்கி, ஈரச் செருப்போடு இரண்டு மைல் நடந்து வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அந்தக் காரில் அவர் ஏறியதில்லை.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும். மக்கள் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். டுவேன் அதில் தனியாகத்தான் போவார். பக்கத்து இருக்கையில் ஒரு மடக்கு நாற்காலி இருக்கும், பெல்ட் போட்டபடி. லினெட் தன் சொந்தக் காரில் பின்னால் வந்து, அந்த நாற்காலியை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்காருவார்.

இந்த வருடம் டுவேன் பின்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வாங்கினார். "இந்தத் தடவையும் அவ ஏறலேன்னா வண்டியை வித்துடப் போறேன்" என்று என்னிடம் சொன்னார். விற்பனைப் பலகை எழுதி, காரேஜ் சுவரைப் பார்த்தாற்போல் திருப்பி வைத்திருந்தாராம்.

டிஸ்க்கை மாட்டியாயிற்று. ஆனால் பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. ஆயில் போகும் குழாயில் எங்கோ காற்று இருக்கிறது. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும்.* ஆக, எட்டு வருடம் கழித்து லினெட் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறார். சக்கரம் இல்லாத காரில், முட்டுக்களின் மேல்.

* ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். மூடும்வரை மிதித்த காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்பி வந்துவிடும்.

3

இந்த இடத்தில் லினெட்டைப் பயந்தவராக எழுதி வைத்திருந்தேன். மழையைக் கண்டால் நடுங்கும் கைகள், அது இது என்று ஒரு பத்தி. அப்போது அவரே கடைக்கு வந்துவிட்டார், நான்காவது பாட்டிலுக்கு.

"இதை அவன் குடிக்கிறானான்னு கேக்காத கண்ணு. நானும் அதையேதான் கேட்டேன்."

"நீங்கதான் பெடல்ல உக்காருறீங்களா?"

"மூணு நாளா. அவன் 'மிதி'ங்கிறான், நான் மிதிக்கிறேன். 'பிடி'ங்கிறான், பிடிக்கிறேன். கல்யாணத்துலகூட இவ்வளவு சொல் பேச்சுக் கேட்டதில்ல."

லினெட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பனியில், அறுபது பிள்ளைகளோடு, இருபத்தோரு வருடமாக. கை நடுங்கும் என் பத்தியை மனதுக்குள்ளேயே கிழித்துப் போட்டேன்.

"அப்ப உங்களுக்குப் பயம் இல்லையா?"

"பயமா? வண்டி சுத்துனா சுத்திட்டுப் போகுது." பாட்டிலைத் திருப்பி, பின்னால் இருந்த எச்சரிக்கையைப் படிப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னைக்கு நின்னதும் அவன் கதவைத் திறந்துட்டு இறங்குனான். நேரா பின்னாடி போனான். குனிஞ்சு பம்பரைப் பாத்தான். அப்புறம் டயரை. அதுக்கப்புறம்தான் என் பக்கம் வந்தான்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவன் பிரேக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். நினைக்கட்டும்."

என் கதை இங்கே கையை விட்டுப் போயிற்று. எந்தப் பிரேக் போட்டாலும் இது நிற்காதே. நான் சொல்ல முடிந்தது கடைக்காரர் சொல்லக்கூடிய ஒன்றுதான். மூன்று பாட்டிலுக்கு மேல் போனவரிடம் நாங்கள் கேட்கும் கேள்வி.

"நிப்பிள் மேல பாக்குதா, கீழ பாக்குதா?"

லினெட் என்னைப் பார்த்தார். காற்று மேலேதானே ஏறும். வலது காலிப்பரை இடதிலும் இடதை வலதிலும் மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும். ஆயில் வரும், காற்று உச்சியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். நாற்பது வருடம் வண்டி பார்த்தவர்களும் செய்யும் தப்பு இது.

"கீழ," என்றார் லினெட்.

4

இனி நான் பார்க்காதது. வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

"டுவேன், மாத்தி மாட்டியிருக்கே."

டுவேன் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"யாரு சொன்னா?"

"கடையில. அந்தப் புத்தகப் புழு. உண்மையைச் சொல்லு, என்னை உக்கார வைக்கணும்னு வேணும்னே மாத்துனியா?"

"அவ்வளவு மூளை இருந்தா, லினெட், நான் ஏன் மழையில மானைப் பாத்து மிதிக்கிறேன்?"

(இந்தப் பதிலை நம்புகிறேன். வேண்டுமென்றே செய்தார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். டுவேன் அப்படிப்பட்ட அழகான ஆள் அல்ல.)

காலிப்பர்களை இடம் மாற்றினார்கள். மிதி, பிடி. மிதி, பிடி. நடுவில் ஆயில் குறைந்தது. லினெட் இறங்கிப் போய் பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஆயில் டப்பாவில் ஊற்றினார். பாட்டிலை நீல மட்கார்டின் மேல் வைத்தார். யாரும் அங்கே வைக்கக் கூடாது. பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும்.

பாட்டிலைக் கவிழ்த்தது இதை எழுதும் நான். ஒப்புக்கொள்கிறேன். விற்றதும் நான்தான். பாதி மட்கார்டில் வழிந்தது. மீதி லினெட்டின் முகத்தில் தெறித்து, இடது கண்ணுக்குள் போயிற்று.

காரேஜில் இருப்பது ஒரே ஒரு தண்ணீர்க் குழாய்.

டுவேன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வந்தார். நிப்பிளை மூடக்கூட இல்லை. லினெட்டின் தலையைச் சாய்த்துப் பிடித்து, கண்ணில் தண்ணீரை விட்டார்.

"போதும், சட்டையெல்லாம் நனையுது."

"பாட்டில்ல பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு."

"டுவேன். பெயிண்ட்டு."

"தெரியும்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் முப்பது வருடம் மெழுகு தேய்த்த நீலம் பால் ஆடை மாதிரி சுருங்கிக்கொண்டிருந்தது. லினெட்டின் நல்ல கண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

[இங்கே லினெட் ஏதோ சொல்ல வேண்டும். நான்கு வாக்கியம் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். தண்ணீர் சத்தத்தில் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

5

நிஜத்தில் நடந்தது இவ்வளவுதான்: திங்கட்கிழமை டுவேன் வந்து ஐந்தாவது பாட்டில் கேட்டார்.

"என்னாச்சு?"

"கொட்டிருச்சு."

நீலப் பெயிண்ட் ஒரு சின்ன டப்பாவும் கேட்டார். எடுத்து வைத்தேன். மூடியில் இருந்த நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது வேணாம், அது அப்படியே இருக்கட்டும்" என்று என் பக்கம் தள்ளினார். அந்தத் தள்ளலிலிருந்துதான் நான்காம் பகுதி முழுவதையும் எடுத்தேன். யார் முகத்தில் தெறித்தது, யாருக்காவது தெறித்ததா, எனக்குத் தெரியாது.

வரும் சனிக்கிழமை ஊர்வலம். என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் லினெட் ஏறுகிறார். ஒன்றில் சுவரைப் பார்த்திருந்த பலகை திரும்புகிறது. மூன்றாவதில் லினெட்டே ஓட்ட, டுவேன்... இல்லை, அது எனக்குப் பிடித்த முடிவு. அவர்களுடையது அல்ல.

அதனால் உங்களிடம் ஒரு உதவி. ஐந்தாவது பாட்டிலோடு கடைசியாக ஒரு தடவை காற்று எடுக்க வேண்டும். நீங்கள் உள்ளே உட்காருங்கள், லினெட்டின் இடத்தில். கதவு திறந்தே இருக்கட்டும். பின்னால் எங்கோ கீழிருந்து குரல் வரும்.

"மிதி."

மிதியுங்கள். இந்தத் தடவை பெடல் பாதியிலேயே கெட்டியாக நிற்கும்.

"பிடி."

பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் அந்த மடக்கு நாற்காலி இருக்கிறது, பெல்ட் போட்டபடி. டுவேன் நிப்பிளை மூடும்வரை உங்கள் கால்தான் நகரக் கூடாது. கைகள் இரண்டும் சும்மாதான் இருக்கின்றன, பெல்ட்டின் பூட்டும் எட்டும் தூரத்தில்தான்.